அடுத்த வாரம் வாங்கண்ணா

தொழில் மந்தம் என்று பேப்பரில் செய்தி வந்தால் கூடவே ஒரு படம் போடுவார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன், கையில் ஒரு அட்டைப்பெட்டி, பின்னால் கண்ணாடிக் கட்டடம். 2008-லயும் அந்தப் படம்தான், 2020-லயும் அந்தப் படம்தான். அந்தப் பையனோட கஷ்டத்தை நான் குறைச்சுச் சொல்ல வரலை. ஆனா எங்க ஊர் கோயமுத்தூர்ல, மந்தம் வந்தா அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வெளியே வர முடியாத ஒரு கூட்டம் இருக்கு. அவங்களை வேலைக்கு வச்சதே அவங்கதான். நிறுத்தறதா இருந்தாலும் அவங்களேதான் நிறுத்திக்கணும். யாரும் லெட்டர் கொடுக்க மாட்டாங்க, கணக்கு முடிக்க மாட்டாங்க, மூணு மாசச் சம்பளம் தர மாட்டாங்க. ரொம்ப நாளா இவங்களைப் பத்தி எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். இன்னிக்குத்தான் உக்கார முடிஞ்சது.

முதல்ல ஒரு கணக்கு. நம்ம நாட்டில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் சுயதொழில்காரர்கள் என்று அரசாங்கத்தின் சர்வேயே சொல்கிறது. அதே சர்வேயில் 'வாராந்திர நிலை' என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால்கூடப் போதும், நீங்கள் வேலையில் இருப்பவர். ஒரு லேத் பட்டறைக்காரர் வாரம் பூரா சும்மா உக்காந்துட்டு, சனிக்கிழமை மட்டும் ரெண்டு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்தார்னு வைங்க. அவருக்கு வேலை இருக்கு! அதனால மந்தத்துல இவங்க எந்தக் கணக்குலயும் வந்து விழறதே இல்லை.

நான் பகல்ல ஒரு சின்ன கம்பெனியில கணக்கு எழுதறவன். பம்ப்புக்கு வேண்டிய வார்ப்புகள் செய்யற இடம். ராத்திரியில ஏழெட்டு பட்டறைகளுக்கு பில் போட்டுக் கொடுத்து, ஜிஎஸ்டி ரிட்டர்னும் பண்ணித் தர்றேன். அதுல ஒண்ணு எங்க மாமாவோடது. கணபதி பக்கம் ஒரு தகரக் கொட்டகை, ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஹெல்ப்பர் பையன். கோவையைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புதுசாச் சொல்ல வேண்டாம். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர்னு எந்தச் சந்துல நுழைஞ்சாலும் இரும்பு சீவற சத்தம் கேக்கும். பெரிய கம்பெனிக்காரங்க வார்ப்பை டெம்போவில் போட்டு டெலிவரி சலானோட அனுப்புவாங்க. இவங்க கடைஞ்சு, துளை போட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்பணும். பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. இதுக்குப் பேரு ஜாப் ஆர்டர். பொருள் அவங்களோடது, மெஷினும் கரண்ட்டும் டூல் பிட்டும் உடம்பும் நம்மளோடது.

பகல்ல பணம் கொடுக்கற பக்கம், ராத்திரியில பணம் வர வேண்டிய பக்கம்னு ரெண்டு பக்கமும் உக்காந்து பார்க்கறதால எனக்கு ஒரு விஷயம் தெளிவாத் தெரியும். மந்தம்னா வேலை இல்லாமப் போறதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. வேலை குறையறது உண்மைதான். ஆனா சுயதொழில்காரனை அடிக்கறது அது மட்டும் இல்லீங்க. செஞ்சு முடிச்ச வேலைக்குப் பணம் வராம நிக்குதே, அதுதான் முதல்ல அடிக்குது.

எப்படின்னு சொல்றேன். மாசத்துல ரெண்டு தடவை நான் ஒரு லிஸ்ட் போடணும். யார் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு எழுதி முதலாளி டேபிள்ல வைப்பேன். அவர் பேனாவை எடுத்து டிக் அடிப்பார். நல்ல காலத்தில் எல்லாப் பேருக்கும் டிக் விழும், அதனால வரிசைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. கையிருப்பு குறையும்போதுதான் வரிசை தெரியும். முதல்ல பேங்க். 90 நாள் தவணை நின்னா வாராக்கடன்ல சேர்த்துடுவாங்க, அப்புறம் தொழிலே பண்ண முடியாது. அடுத்தது ஈபி. கட்டலைன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ. அப்புறம் இரும்பு சப்ளை பண்றவர். அவர் அடுத்த லோடை நிறுத்திட்டா உலை எரியாது. லாரிக்காரர்கிட்டயும் ரொம்ப விளையாட முடியாது, சரக்கை இறக்காம வச்சுக்குவார். இப்படி யார் யாரெல்லாம் நம்ம கழுத்தைப் பிடிக்க முடியுமோ அவங்க எல்லாருக்கும் டிக் விழுந்த பிறகு மிச்சம் இருக்கறது ஜாப் ஆர்டர்காரங்க. அவங்க எதையும் நிறுத்த முடியாது. அவங்க நிறுத்தினா அடுத்த சந்துல இன்னொருத்தர் இருக்கார்.

முதலாளியைக் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. அவருக்கு மேல இருக்கற பெரிய கம்பெனி அவர்கிட்ட 'அடுத்த மாசம்' சொல்லியிருக்கும். அவர் அதையே கீழே தள்றார். ஒவ்வொருத்தரும் தனக்குக் கீழே உள்ளவர்கிட்டத் தள்ளித் தள்ளி, கீழே தள்ள ஆள் இல்லாதவர்கிட்ட வந்து அது நிக்குது. மாமாவுக்குக் கீழே இருக்கறது அந்த ஹெல்ப்பர் பையன் மட்டும்தான். எங்க ஊர்ல பட்டறைக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம். அவன்கிட்டப் போய் அடுத்த வாரம் வான்னு சொல்ல முடியுமா? அவன் அம்மா மளிகைக் கடையில சொல்லி வச்சிருக்கும். அதனால மாமா அவனுக்குக் கொடுத்துட்டு, தனக்குத்தானே அடுத்த வாரம்னு சொல்லிக்குவார். இதைத்தான் கௌரவமா 'சுயதொழில்'னு சொல்றோம்!

எங்க ஆபீஸுக்கு வசூலுக்கு வர்ற அண்ணன்மார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவங்க நடையே பழகிடுச்சு. வந்ததும் பணம் கேக்க மாட்டாங்க. "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. மழையைப் பத்திப் பேசுவாங்க, பையன் காலேஜ் ஃபீஸைப் பத்திப் பேசுவாங்க (அது சும்மா பேச்சு இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்). டீ வரும், குடிப்பாங்க. எழுந்திரிக்கும்போது, ஏதோ மறந்ததை ஞாபகப்படுத்திக்கிட்ட மாதிரி, "அந்த ஜூலை பில்லு..."ன்னு இழுப்பாங்க. "அடுத்த வாரம் வாங்கண்ணா"ன்னு சொல்றது என் வேலை. சரிங்க தம்பின்னு போயிடுவாங்க. கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்பட்டா அடுத்த சலான் வராதே. அதே நேரத்துல வேற ஏதோ ஒரு ஆபீஸ்ல, என்னை மாதிரியே ஒருத்தன் முன்னால எங்க மாமா டீ குடிச்சுக்கிட்டு இருப்பார்.

மாமாவுக்கு இது ஒரு தடவை வந்த கஷ்டம் இல்லை. 2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ்னு ஒரு பேங்க் திவாலாச்சு. மாமா அந்தப் பேரைக் கேட்டதுகூட இல்லை. எந்த நாட்டுக்கும் அவர் எதையும் ஏற்றுமதி பண்ணினதும் இல்லை. ஆனா அவர் கடைஞ்ச வார்ப்பு எங்கேயோ போய்ச் சேர்ற மெஷினுக்குள்ள இருந்திருக்கு போல. தீபாவளி முடிஞ்சு வர வேண்டிய லோடு பாதியாச்சு. அதோட மின்வெட்டும் சேர்ந்துக்கிச்சு. 2012-ல அந்த மின்வெட்டு உச்சத்துக்குப் போனப்ப, பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டர் போட்டுச் சமாளிச்சது. ரெண்டு லேத் வச்சிருக்கறவர் டீசல் போட்டு ஓட்டினா பீஸ் கூலி டீசலுக்கே பத்தாது. கரண்ட் வர்ற நேரம் பார்த்து ராத்திரி ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் எழுந்து போய் ஓட்டினார். பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போட்டதுதான் மிச்சம்.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கம்பெனிகள் அன்னிக்கு வரைக்கும் தராத பாக்கியை எல்லாம் திடீர்னு தாராளமா எடுத்து நீட்டினாங்க, எல்லாம் பழைய நோட்டு :-) அது ஒரு கூத்து. சேமிப்புக் கணக்குல இருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய்தான் எடுக்கலாம்னு வரம்பு. அதையும் கொடுக்க பேங்க்ல பணம் இல்லாம வரிசையில நின்னது தனிக்கதை. அதைப் பத்தி ஆளாளுக்கு எழுதிட்டாங்க, விடுங்க.

அடுத்து 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி. இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும், ஏன்னா இது என் தொழில். சேவை பண்றவங்களுக்கு வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வரவு இருந்தா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. சட்டப்படி மாமாவுக்குத் தேவையே இல்லை. ஆனா ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவருக்கு ஆர்டர் இல்லைன்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க, எடுத்தார். அப்போ ஜாப் ஆர்டருக்கு 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு பில் போட்டா 18,000 வரி. அந்த வரியைக் கட்ட வேண்டியது எப்போ? பணம் வந்த பிறகு இல்லை. பில் போட்ட அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள. பணம் தொண்ணூறு நாள் கழிச்சு வரும், சில நேரம் நூத்தி இருபது. அதுவரைக்கும் அந்த 18,000-ஐ மாமா தன் கையில் இருந்து, இல்லைன்னா கைமாத்து வாங்கி, அரசாங்கத்துக்குக் கட்டணும். தாமதமானா வருஷத்துக்கு 18 சதவீத வட்டி, அது போக லேட் ஃபீஸ். இதுல இன்னொரு வேடிக்கை என்னன்னா, மாமா கட்டின அந்த வரியை எதிர்ப்பக்கக் கம்பெனி தன்னோட கணக்குல உடனே கழிச்சுக்கலாம். மாமாவுக்குப் பணம் கொடுக்க அதுக்கு 180 நாள் வரைக்கும் அவகாசம் இருக்கு. அதாவது அவங்க தராத பணத்துக்கான வரியை இவர் கட்டி, அதோட பலனை அவங்க எடுத்துக்குவாங்க. நானே பகல்ல அந்தக் கழிவை என்ட்ரி போட்டுட்டு, ராத்திரி மாமா வீட்டுல உக்காந்து அதே மாதிரி இன்னொரு வரியைக் கட்டச் சொல்லிக்கிட்டு இருப்பேன். "ஏன் மாப்ள, வராத பணத்துக்கு எதுக்கு வரி?"ன்னு கேப்பார். ஏழு வருஷமா இதுக்கு எனக்குப் பதில் கிடைக்கலை.

2020 வந்ததும் இதெல்லாம் சின்ன விஷயம் ஆயிடுச்சு. மார்ச் கடைசியில ஊரடங்கு. பட்டறை பூட்டியே கிடந்தது. மூணு மாசம் தவணை கட்ட வேண்டாம்னு ரிசர்வ் வங்கி சொல்லி, அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. டிவியில அதைப் பார்த்துட்டு அத்தைக்கு ஒரே சந்தோஷம். நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு, அது பேங்க்குக்கும் பதிவு பெற்ற நிதி நிறுவனத்துக்கும் மட்டும்தான்னு. மாமாவோட ரெண்டாவது லேத் உள்ளூர் ஃபைனான்ஸ்காரர்கிட்ட வாங்கின கடன். அவருக்கு ரிசர்வ் வங்கி இருக்கற திசையே தெரியாது. ஊரடங்குல வெளியே வர முடியாததால நேர்ல வரலை, போன்ல வந்தார்.

மே மாசம் மத்திய அரசு மூணு லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிச்சாங்க. அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், அரசாங்கமே உத்தரவாதம். ரொம்ப நல்ல திட்டம்தான், எங்க முதலாளிக்குக் கிடைச்சது, அதை வச்சு அவர் எழுந்திரிச்சார். ஆனா யாருக்கு எவ்வளவுன்னு பாருங்க. 2020 பிப்ரவரி 29 அன்னிக்கு பேங்க்ல எவ்வளவு கடன் பாக்கி இருக்கோ அதுல 20 சதவீதம். பேங்க்ல கடனே வாங்காதவருக்கு? பூஜ்ஜியத்துல 20 சதவீதம் எவ்வளவோ அவ்வளவு. மூணு தடவை லோன் கேட்டுப் போய், இடம் சொந்தமா, மூணு வருஷ ரிட்டர்ன் இருக்கான்னு கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். பேங்க் கடன் கிடைக்காத காரணத்தாலயே, பேங்க் வழியா வந்த உதவியும் கிடைக்கலை. தெருவோர வியாபாரிகளுக்கு அந்த ஜூன்ல 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்துச்சு. மாமா தெருவோரத்துலயும் இல்லை. கொட்டகைக்கு வாடகை கட்டி உள்ளே இருக்கார்!

அவருக்குன்னு வந்து சேர்ந்த ஒரே சலுகை ஆகஸ்ட்ல வந்துச்சு. பேங்க்ல நகைக்கடனுக்கு நகை மதிப்புல 75 சதவீதம் வரைக்கும்தான் கொடுக்கலாம்னு இருந்ததை, 2021 மார்ச் வரைக்கும் 90 சதவீதம்னு ரிசர்வ் வங்கி உயர்த்துச்சு. அத்தையோட ஆரமும் வளையலும் போச்சு. காரமடையில கல்யாணத்துக்குப் போனப்ப அத்தை கழுத்துல மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததை நான் பார்த்தேன். வேற யாரும் பார்க்கக் கூடாதுன்னு அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்ததையும் பார்த்தேன். நகையை 2023-ல மீட்டாச்சு, வளையல் மட்டும் ஏலத்துல போயிடுச்சு. நகையை மீட்க ஓடிக்கிட்டிருந்த அதே காலத்துலதான், 2022 செப்டம்பர்ல மின்கட்டணம் ஏறி, மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் கூடினது.

சட்டமே இல்லையான்னு நீங்க கேக்கலாம். இருக்குங்க. பேஷா இருக்கு. 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும். தவறினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க மாநிலத்துல கவுன்சில் இருக்கு, 2017-ல இருந்து ஆன்லைன்லயே கொடுக்கலாம். ஒரு தடவை மாமாகிட்ட இதை விளக்கினேன். பொறுமையாக் கேட்டார். "புகார் கொடுத்து அந்த அறுபதாயிரத்தை வாங்கிடலாம் மாப்ள. அப்புறம் எங்கே போய் வேலை கேக்கறது? இவன் கொடுக்காட்டியும் அவன் கொடுப்பானா? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் இந்த ஊர்ல." நான் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை.

கொஞ்சம் கடிச்ச சட்டம்னா அது வருமான வரியில வந்த 43பி(எச்) பிரிவு. 45 நாளுக்குள்ள கொடுக்காத பாக்கியை, கொடுக்கற வருஷம் வரைக்கும் செலவாக் காட்ட முடியாது, லாபமாக் கணக்குப் பண்ணி வரி கட்டணும்னு ஆச்சு. 2024 மார்ச்ல எங்க ஆபீஸ்ல நடந்ததை நான் இன்னும் மறக்கலை. முதல் தடவையா லிஸ்ட் தலைகீழா வந்துச்சு. ஆடிட்டர் போன் பண்ணி, உத்யம் சர்டிஃபிகேட் இருக்கற ஜாப் ஆர்டர்காரங்களுக்கு எல்லாம் மார்ச் 31-க்குள்ள பணம் போடச் சொல்லிட்டார். டிக் டிக் டிக்குனு விழுந்துச்சு. பல வருஷமா டீ குடிச்சுட்டுப் போன ஒரு அண்ணன், பணம் வந்துருச்சுன்னு மெசேஜ் பார்த்துட்டு, தப்பா ஏதும் வந்துருச்சாங்க தம்பின்னு எனக்குப் போன் பண்ணிக் கேட்டார்.

மாமாவுக்கும் 2021-லயே நான் உத்யம் பதிவு பண்ணிக் கொடுத்திருந்தேன், அதுக்குக் காசு கிடையாது. அவருக்கும் அந்த மார்ச்ல ரெண்டு இடத்துல இருந்து பழைய பாக்கி பூரா வந்துச்சு. வளையல் வாங்கலாமான்னு அத்தை கேட்டுச்சு. ஏப்ரல்ல ஒரு கம்பெனியில இருந்து ஒருத்தர் வந்து, அந்த சர்டிஃபிகேட்டை ரத்து பண்ணிட முடியுங்களான்னு நயமாக் கேட்டுட்டுப் போனார். மாமா முடியாதுன்னுட்டார். எனக்கே ஆச்சரியம், மாமா அப்படிப் பேசற ஆளில்லை. அந்தக் கம்பெனியில இருந்து லோடு படிப்படியாக் குறைஞ்சு ஆறே மாசத்துல நின்னுடுச்சு. சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாட்டி அந்தப் பாக்கி வந்தே இருக்காது. சர்டிஃபிகேட் இல்லாத பக்கத்துச் சந்துக்காரர் இப்போ அந்த லோடை ஓட்டறார். அவர் மேலயும் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கும் சனிக்கிழமை வருதே.

மாமா இப்போ பாதி நேரம் கிரைண்டர் ரிப்பேர் கடைகளுக்கு வேலை செய்யறார். தேய்ஞ்ச ஷாஃப்ட் கடையறது, புஷ் போடறது மாதிரி சில்லறை வேலை. பீஸுக்குக் கிடைக்கறது முந்தினதைவிடக் கம்மி, ஆனா பொருளைக் கையில வாங்கும்போதே பணம். ஒரு லேத்தை வித்துட்டார். ஹெல்ப்பர் பையன் சிஎன்சி கத்துக்கிட்டு வேற இடத்துக்குப் போயிட்டான், ஆயுத பூஜைக்கு மட்டும் வந்து பொரி கடலை வாங்கிட்டுப் போவான்.

போன வாரம் அவர் நோட்டுல பாக்கிக் கணக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். 2020 மார்ச்ல போட்ட பில் ஒண்ணு, கூலி 23,400, அப்போ இருந்த 12 சதவீதப்படி ஜிஎஸ்டி 2,808, மொத்தம் 26,208. அந்தக் கம்பெனி அதே வருஷம் மூடியாச்சு, முதலாளி ஊர்லயே இல்லை. பணம் வராமலே போனாலும் கட்டின ஜிஎஸ்டியைத் திருப்பிக் கேக்க சட்டத்துல வழி கிடையாது. இதை அடிச்சுடலாமா மாமான்னு கேட்டேன். இருக்கட்டும் மாப்ளன்னார். இருக்கு.